மற்ற சரணங்களும் இவ்வாறே!

நம் பாட்டுப் புத்தகங்களில் என்னை மிகவும் கோபப்படுத்தும் வாசகம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "மற்ற சரணங்களும் இவ்வாறே."

எவ்வளவு மரியாதையான வாசகம் பாருங்கள்! பல்லவிக்கு ஸ்வரம் போட்டாயிற்று, அனுபல்லவிக்குப் போட்டாயிற்று, முதல் சரணத்துக்கும் போட்டாயிற்று. மீதி நாலு சரணங்களைச் செய்யுள் மாதிரி ஒரு மூலையில் அடுக்கிவிட்டு, "இவ்வாறே" என்று சொல்லிப் புத்தகம் எழுந்து போய்விடுகிறது. எவ்வாறு என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்று இதைப் பற்றி நாலு வார்த்தை காரமாகவே எழுதப்போகிறேன். சங்கீதம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டுப் புத்தகம் போடுகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டாம், கோபித்துக்கொண்டாவது திருத்துங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஸ்வரத்துக்குக் கீழே எழுத்தை எழுத்தாக வைத்துத் தராத சரணத்தை யாரும் பாடுவதில்லை. பாடாத சரணம் ஒரு தலைமுறையில் செத்துப்போகும். ஈய எழுத்துக் காலத்தில் இதற்கு ஒரு சமாதானம் இருந்தது. கணினிக் காலத்தில் எந்தச் சமாதானமும் கிடையாது.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நம் முறையில் மேல் வரியில் ஸ்வரம், கீழ் வரியில் சாகித்தியம். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். லகுவுக்கு நாலு, இரண்டு திருதங்களுக்கு இரண்டிரண்டு. அட்சரத்துக்கு நாலு ஸ்வரம் என்று வைத்தால் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32 இடங்கள். இந்த 32 இடங்களில் எந்த எழுத்து எங்கே விழுகிறது, எது எத்தனை இடம் நீள்கிறது என்பதைக் கண்ணால் பார்த்ததும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுகிறோம். கீதம் படித்த குழந்தைக்குக்கூட இது தெரியும். மலஹரியில் ஏறக்குறைய ஒரு ஸ்வரத்துக்கு ஓர் எழுத்து என்று விரல் வைத்துக் காட்டித்தான் பாட்டு வாத்தியார் ஆரம்பிப்பார். கீழ் வரி நாலு இடம் தள்ளிப்போனால் அந்தப் பக்கம் பிரயோஜனமில்லை.

1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சானது. தெலுங்கு லிபி, ஸ்வரம், அதன் தலையில் கமகக் குறிகள், கீழே சாகித்தியம். எல்லாம் ஒவ்வோர் எழுத்தாகக் கையால் பொறுக்கிக் கோத்தது. அதற்கும் முன்னால், 1890களில், சென்னையில் சின்னசாமி முதலியார் நம் பாட்டுகளை மேல்நாட்டு ஐந்து கோட்டு முறையில் எழுதி அச்சிட்டார். மின்விசிறிகூட இல்லாத காலத்தில் அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. அச்சுக்கோப்பவர் ஒரு சரணத்தைக் கோத்து முடிப்பதற்குள் விரல் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் ஒருவர் "மற்றவை இவ்வாறே" என்று எழுதியிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். நூறு வருஷம் கழித்து, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, காப்பி குடித்துக்கொண்டே அதே வாசகத்தைத் தட்டச்சு செய்கிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன்.

'இவ்வாறே' என்பது ஏன் பொய் என்று காட்டுகிறேன். நானே இட்டுக்கட்டிய உதாரணம், எந்தப் பாட்டிலும் தேடாதீர்கள்.

முதல் சரணம் 'வாராய்' என்று ஆரம்பிக்கிறது. ஸ்வரம் ஸ ரி க ம. 'வா' இரண்டு இடம், 'ராய்' இரண்டு இடம். அழகாக உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் சரணம் 'வருவாய்' என்று ஆரம்பிக்கிறது. இப்போது 'இவ்வாறே' பாடுங்கள் பார்ப்போம். 'வ' என்ற குறிலை இரண்டு இடம் இழுத்தால் அது 'வா' ஆகிவிடும். 'வாருவாய்' என்றால் பொருளே வேறு. சரியான வழி, 'வ'வை ஸட்ஜத்திலும் 'ரு'வை ரிஷபத்திலும் வைத்து, 'வாய்' என்பதைக் காந்தாரத்தில் எடுத்து மத்தியமம் வரை கொண்டுபோவது. தெரிந்தவருக்கு அரை நொடி வேலை. தெரியாதவருக்கு? புத்தகத்தில் இரண்டு எழுத்தைக் கீழே வைத்திருந்தால் தீர்ந்துபோகும் விஷயம்.

இன்னொன்று. முதல் சரணத்தில் 'நீ' என்று ஒற்றை எழுத்தில் நின்று, நீட்டி, பிறகு 'வரவேண்டும்' என்று திருதத்தில் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சரணத்தில் அதே இடத்தில் 'தாமரைக்கண்ணா' வருகிறது. இவ்வாறே பாடினால் 'தாஆஆ' என்று நீட்டி நிறுத்திவிட்டு 'மரைக்கண்ணா' என்று எடுக்க வேண்டும். பகவானைப் பார்த்து எதையோ 'தா' என்று கேட்டுவிட்டு, மரை கழன்றவன் என்றும் திட்டுகிறோம்! சபையில் இப்படி எத்தனை பதச்சேதங்களை நாம் கேட்டுச் சிரித்திருக்கிறோம். பாடுகிறவருக்குத் தமிழ் தெரியவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பாதி நேரம் தப்பு பாடகர் மேல் இல்லை. அவர் கையிலிருந்த பக்கத்தின் மேல்.

தமிழுக்கு இது புது விஷயமும் இல்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நம் இலக்கணம் எழுத்தைக் காலத்தால் அளந்து வைத்திருக்கிறது. செய்யுளில் ஓசை குறையும் இடத்தில் நெடிலை நீட்ட வேண்டும் என்றால், 'ஆ'வுக்குப் பக்கத்தில் ஒரு 'அ', 'ஈ'க்குப் பக்கத்தில் ஒரு 'இ' என்று எழுதிக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் செய்யுளிசை அளபெடை என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். எங்கே நீட்ட வேண்டுமோ அங்கே எழுதிக் காட்டு, வாசிப்பவன் ஊகிக்கட்டும் என்று விடாதே என்பதுதான் அதன் பொருள். புலவர்கள் ஒரு மாத்திரைக்குக் காட்டிய அக்கறையை நாம் நாலு முழுச் சரணங்களுக்குக் காட்டவில்லை.

இதில் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளில் பெரும்பாலும் ஒரே சரணம். அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. தியாகராஜரின் திவ்யநாம கீர்த்தனைகளில் பல சரணங்கள் ஒரே மெட்டில் வருகின்றன. அங்கே தொல்லை உண்டு. ஆனால் அதிகம் அடிபடுவது நம் தமிழ்ப் பாட்டுகள்தான். முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை என்று தமிழ் மூவரும் நம் சீர்காழி வட்டாரத்துக்காரர்கள். ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயவரத்திலும் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரும் நம்மவர். இவர்கள் பாட்டில் சரணங்கள் அடுக்கடுக்காக வரும். 'இராம நாடக'மும் 'நந்தனார் சரித்திர'மும் கதை சொல்லும் பாட்டுகள். ஒரு சரணத்தில் ஒருவர் கேட்பார், அடுத்ததில் வாதம் வளரும், கடைசியில் முடிவு வரும். முதல் சரணத்தை மட்டும் பாடுவது, கோர்ட்டில் வாதியின் முதல் வாக்கியத்தைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவது போல.

முத்திரையும் பெரும்பாலும் கடைசிச் சரணத்தில்தான் வரும். கச்சேரியில் ஒரே ஒரு சரணம் பாடுகிறவர்கள்கூட முத்திரைச் சரணத்தைத்தான் பாட விரும்புவார்கள். புத்தகத்திலோ ஸ்வரம் போட்டிருப்பது முதல் சரணத்துக்கு. பாட நினைக்கிற சரணத்துக்கு ஸ்வரம் இல்லை, ஸ்வரம் இருக்கிற சரணத்தைப் பாடப்போவதில்லை. இதைவிட வேடிக்கை உண்டா?

முத்துத் தாண்டவர் பாட்டுகள் பலவற்றின் பழைய மெட்டு இன்று நம்மிடம் இல்லை. வார்த்தை மட்டும் ஏட்டில் தங்கியது, பின்னால் வந்த வித்வான்கள் மெட்டமைத்துக் கொடுத்தார்கள். அப்போது மெட்டை எழுதாமல் இழந்தோம். இப்போது மெட்டு இருந்தும், வார்த்தையை அதன்கீழ் வைக்காமல் இழந்துகொண்டிருக்கிறோம்.

பெரிய மனிதர்கள் பாட்டுக்காவது புத்தகம் இருக்கிறது. வீட்டுப் பாட்டுகளின் கதி இன்னும் மோசம். என் பெரியக்காவுக்கு நலங்கு, ஊஞ்சல், லாலி என்று நாற்பது ஐம்பது பாட்டு தெரியும். எங்கள் பெரியம்மாவிடம் கற்றது. கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை அக்காவுக்குத்தான். நீளக் கணக்கு நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். அக்கா போன பிறகு அந்த நோட்டு என்னிடம் வந்தது. பிரித்துப் பார்த்தால், முதல் சரணத்துக்கு மேலே பென்சிலில் ஸ்வரம். கீழே அவள் கையெழுத்திலேயே: "மத்ததும் இதே மாதிரி." அவளுக்குத் தெரியும், எழுத வேண்டிய அவசியம் இல்லை. போன தை மாசம் ஒரு கல்யாணத்தில் அவள் மகளும் என் இளைய தங்கையும் சேர்ந்து அந்த நலங்குப் பாட்டைப் பாடினார்கள். முதல் சரணம் ஒரே குரலாக வந்தது. மூன்றாவதில் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். "அம்மா இப்படித்தான் பாடுவா சித்தி" என்கிறாள் இவள். "எனக்கு அக்கா சொல்லிக்கொடுத்தது இப்படித்தான்டி" என்கிறாள் அவள். தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. நாலாவது சரணத்தைப் பாடாமலே ஆரத்தி எடுத்துவிட்டார்கள். ஒரு பாட்டு இப்படித்தான் போகிறது. யாரும் கொல்வதில்லை. அடுத்த தடவை இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

முதல் வாதம், பக்கச் செலவு. எங்கள் பஜனை கோஷ்டிக்காக ஒரு சின்னப் புத்தகம் போட முயன்றபோது, அச்சிட வந்தவர் என்னிடம், "சார், எல்லாச் சரணத்துக்கும் ஸ்வரம் போட்டா புத்தகம் இரண்டு மடங்காயிடும். யார் சார் வாங்குவாங்க?" என்றார். நான் முப்பத்து மூன்று வருஷம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். நீங்களும் போடுங்கள்.

ஐந்து சரணம், சரணத்துக்கு நாலு வரி. அவர் முறைப்படி முதல் சரணத்துக்கு நாலு ஸ்வர வரி, நாலு சாகித்திய வரி, ஆக எட்டு. மீதி நாலு சரணம், நாலு வரி வீதம் பதினாறு. மொத்தம் 24 வரி. என் முறைப்படி ஸ்வரத்தை ஒரே தடவைதான் எழுத வேண்டும், ஏனென்றால் மெட்டு ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்வர வரிக்கும் கீழே 1, 2, 3, 4, 5 என்று எண் போட்டு ஐந்து சரணங்களின் அந்தந்த வரியை அடுக்கினால் ஆறு வரி. நாலு தடவை ஆறு, 24 வரி. கூட ஒரு வரிகூட இல்லை! மீதிச் சரணங்களை இரண்டு பத்தியாக நெருக்கிப் போட்டால் எட்டு வரி மிச்சமாகலாம். எட்டு வரி மிச்சத்துக்கு நாலு சரணத்தை விற்கிறோம். இதுதான் 'இரண்டு மடங்கு'.

இரண்டாவது வாதம், "நம் சங்கீதம் குருமுகமாக வருவது, எழுத்தில் அடங்காது" என்பது. கமகம் எழுத்தில் அடங்காது, ஒப்புக்கொள்கிறேன். தோடி காந்தாரத்தை எந்தக் கணினியும் தாளில் இறக்கிவிடாது. ஆனால் 'வருவாய்' என்பதில் 'ரு' எங்கே விழுகிறது என்பது கமகமும் இல்லை, மனோதர்மமும் இல்லை. அது வெறும் தகவல். தகவலைக் குருவின் தலையில் கட்டுவது சோம்பேறித்தனத்துக்குப் போர்த்திய பொன்னாடை. தவிர, குரு எங்கே? நம் தெருவில் பாட்டு கற்கும் எட்டுப் பேரில் பாதிப் பேர் கைபேசியைப் பார்த்துக் கற்கிறார்கள். அதில் வருவதும் ஒரு சரணம்தான்.

மூன்றாவது வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எழுத்தைத் துண்டுதுண்டாக வெட்டி ஸ்வரத்தின்கீழ் வைத்தால் கவிதை கவிதையாகத் தெரியாது, படித்து ரசிக்க முடியாது என்கிறார்கள். மேல்நாட்டு ஞானப்பாட்டுப் புத்தகங்களிலும் இந்தச் சண்டை உண்டு. அமெரிக்கப் புத்தகங்களில் பெரும்பாலும் எல்லா அடிகளையும் இசைக் கோடுகளுக்கு நடுவிலேயே அடுக்குவார்கள். ஆங்கிலேயர்கள் இசையைத் தனியாகவும் வார்த்தையைக் கீழே செய்யுளாகவும் போடுவார்கள். அவர்களுக்கு அது ஒத்துவரும். எட்டு அசை, ஆறு அசை என்று எண்ணிக் கட்டிய பாட்டு, ஏறக்குறைய அசைக்கு ஒரு சுரம். நமக்கு அப்படி இல்லை. ஓரிடத்தில் ஓர் எழுத்து எட்டு ஸ்வரம் நீளும், அடுத்த இடத்தில் எட்டு எழுத்து ஓடும். ஆகவே இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. பாட்டின் தலையில் முழுச் சாகித்தியத்தையும் செய்யுளாகப் போடுங்கள், ரசிக்கட்டும். பிறகு ஸ்வரத்தின்கீழ் எல்லாச் சரணத்தையும் அடுக்குங்கள், பாடட்டும்.

அப்படி அடுக்கினால் ஒரு லாபமும் இருக்கிறது. ஐந்து சரணங்களின் இரண்டாம் எழுத்தும் நேர்க்கோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும்போது, கவிராயர் எதுகையை எந்தத் தாள இடத்தில் வைத்து எழுதினார் என்பது கண்ணில் தெரியும். அருதியில் மோனை விழுவது தெரியும். செய்யுளாக அடுக்கியதைப் படித்தால் எதுகை தெரியும், ஆனால் அது தாளத்தோடு கைகோத்து நிற்பது தெரியாது.

இனி வேலைக்கு வருவோம். திட்டிவிட்டு மட்டும் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஐந்து கோட்டு முறையில் எழுதத் தெரிந்த பேரன் பேத்தி வீட்டில் இருந்தால் 'மியூஸ்ஸ்கோர்' என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். அதில் எழுத்து காகிதத்தில் ஓர் இடத்தில் ஒட்டுவதில்லை, சுரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. சுரத்தை நகர்த்தினால் எழுத்தும் கூடவே வரும். ஓர் எழுத்தைத் தட்டி இடைவெளிக் கட்டையை அழுத்தினால் அடுத்த சுரத்துக்குப் போகும். சொல்லுக்கு நடுவே சிறுகோடு, நீட்டலுக்கு அடிக்கோடு. என்டர் அழுத்தினால் அதே சுரத்தின்கீழ் இரண்டாம் சரணம் திறக்கும். மென்பொருள் செய்தவர்களே 'அடுத்த சரணம்' என்று ஒரு கட்டையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நாம்தான் அழுத்துவதில்லை.

ஸ்வர எழுத்திலேயே எழுதுகிறவர்கள் வேர்டில் எழுதுகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் தயவுசெய்து இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டி எழுத்தை நகர்த்தாதீர்கள். தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் இல்லை. 'ர' ஒல்லி, 'ணை' குண்டு. உங்கள் கணினியில் நேராக நிற்பது எழுத்துரு மாறினால் சரிந்துவிடும். இங்கே ஒரு மாதிரி போட்டுக் காட்டலாம் என்றால், உங்கள் கைபேசியில் அது என்ன கோலத்தில் வருமோ என்று பயந்து வாயால் சொல்கிறேன். அட்டவணை போடுங்கள். ஆதி தாளத்துக்கு எட்டுக் கட்டம், இன்னும் துல்லியம் வேண்டுமானால் பதினாறு. மேல் வரிசையில் ஸ்வரம், கீழே சரணத்துக்கு ஒரு வரிசை. நாலாம் அட்சரத்துக்கும் ஆறாவதுக்கும் பிறகு கொஞ்சம் தடித்த கோடு. பேரேடு எழுதிய கைகளுக்கு இது சொல்லித் தரவேண்டியதே இல்லை.

மூன்றே விதிகள். குறிலை நெடிலாக இழுக்காதீர்கள். அடுத்த எழுத்தை முன்னால் கொண்டுவாருங்கள். புள்ளி வைத்த எழுத்தை நீட்டலின் கடைசியில் வையுங்கள், 'ம்' என்று வாயை மூடிக்கொண்டு மூன்று அட்சரம் நிற்க முடியாது. சொல் உடையக்கூடாத இடத்தில் மெட்டு நின்றால், அந்தச் சரணத்துக்கு மட்டும் மாற்று ஸ்வரத்தை மேலே சின்ன எழுத்தில் போடுங்கள்.

பதிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த பதிப்பில் "மற்ற சரணங்களும் இவ்வாறே" என்ற வரியைத் தேடி எடுத்து, அந்த இடத்தில் அந்தச் சரணங்களை வையுங்கள். காகிதக் கணக்கை மேலே போட்டுக் காட்டிவிட்டேன்.

நம் வயசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் நோட்டு இருந்தால் இந்த வாரமே எடுங்கள். பாடத் தெரிந்த மாமி, அத்தை, மன்னி யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, மூன்றாம் சரணத்தில் எந்த எழுத்து எங்கே விழுகிறது என்று கேட்டுக் கட்டத்தில் எழுதுங்கள். முதல் சரணம் எல்லாருக்கும் தெரியும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைசிச் சரணத்திலிருந்து ஆரம்பியுங்கள்.